மாநாட்டுக்குப் போன சாவி

குடிநீர்த் துறையின் புகார்ப் பிரிவு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். ஆகவே அங்கே வேலை பார்க்கிறவருக்குப் பணிவு தானாகவே வந்துவிடும். தாய் தகப்பன் வைத்த பெயர் அவருக்கு ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலில் மட்டும் அது உயிரோடிருந்தது. மற்றபடி வாசல் காவலர் முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவர் புகார் சார்தான்.

வருகிற புகார்களுக்குப் பதில் போடுவது அவர் வேலை. பதில் என்றால் ஒரே பதில். "தங்கள் புகார் பெறப்பட்டது. அதன் உண்மைத்தன்மை ஆராயப்பட்டு, விரைவில் சரிசெய்யப்படும்." குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் இதுதான், தண்ணீரோடு தவளை வந்தாலும் இதுதான். ஒரு காலத்தில் இதைக் கையால் எழுதினார். பிறகு தட்டச்சு செய்தார். இப்போது கைபேசியில் இரண்டு தட்டுத் தட்டினால் வாக்கியம் முழுசாக வந்து ஒட்டிக்கொள்கிறது. நாடு எவ்வளவு முன்னேறிவிட்டது பாருங்கள்! வாக்கியம்தான் இன்னும் அப்படியே இருக்கிறது.

புகார் சாருக்கும் ஒரு புகார் இருந்தது. அவர் மனைவி எல்லையோரத்து ஊர் ஒன்றில் அரசு மருத்துவமனை நர்ஸ். மகள் அம்மாவோடு. இவர் இங்கே தனியாக, ஒரு அடுப்பு, ஒரு தட்டு, ஒரு தலையணை. அந்த ஊருக்கு மாறுதல் கேட்டு நான்கு வருடமாக மனுப் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மனுவும் இயக்குநரின் மேஜைக்குப் போகும். அதற்குப் பிறகு கிணற்றில் போட்ட கல்தான். போன தடவை ஊருக்குப் போனபோது மகள் தன் தோள் உயரம் வந்துவிட்டதைப் பார்த்தார். சந்தோஷமாகச் சிரித்துவிட்டு, திரும்பி வருகையில் பஸ்ஸில் வழியெல்லாம் அழுதார்.

இந்த நிலையில்தான் அரசாங்கம் 'நாளையே இன்று' என்ற தொழில்நுட்ப மாநாட்டை அறிவித்தது. எல்லாத் துறை ஊழியர்களும் வர வேண்டும், உட்கார வேண்டும், அரை மணிக்கொரு தரம் சொந்தக் கணக்கிலிருந்து சமூக ஊடகத்தில் மாநாட்டைப் புகழ்ந்து பதிவு போட வேண்டும், ஒவ்வொரு பதிவிலும் #நாளையேஇன்று என்று இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. மாநாட்டைக் கேட்க வேண்டும் என்று மட்டும் உத்தரவில் எங்கும் இல்லை.

முந்தின நாள் குடிநீர்த் துறை இயக்குநர் ஊழியர்களைக் கூட்டிப் பேசினார். அந்த அம்மாளுக்கு மைக் பிடித்தால் உலகம் மறந்துவிடும்.

"தண்ணி கொடுக்கிறது ஒரு சாதனையா? ஆறு கூடத்தான் கொடுக்குது. மழை கொடுக்குது. ஆனா மழை என்னிக்காவது அதைப் பத்தி ஒரு போஸ்ட் போட்டிருக்கா? அங்கதான் நாம உசந்து நிக்கிறோம்! நாளைக்கு எந்தத் துறையைப் பத்தி ஜனங்க அதிகமாப் பேசுறாங்களோ அந்தத் துறைக்குக் கேடயம். என்ன பேசுறாங்கன்னு யாரும் பார்க்கப் போறதில்ல. எவ்வளவு பேசுறாங்க, அதான் விஷயம். அப்புறம், எந்த ஊழியரோட பதிவுக்கு லைக் அதிகமோ, அவருக்கு மேடையிலேயே பரிசு. அதோட அவர் கேக்கிறதை அன்னிக்கே நான் செஞ்சு கொடுப்பேன். பதவி உயர்வோ, மாறுதலோ, எதுவானாலும்."

மாறுதல் என்ற சொல் காதில் விழுந்ததும் புகார் சார் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார். பக்கத்தில் இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

சாயங்காலம் மனைவியிடம் போனில் சொன்னார்.

"லைக்கா? உங்களுக்கா?" என்று அவள் சிரித்தாள். "உங்க கணக்கைப் பின்தொடர்றது உலகத்துலயே நான் ஒருத்திதான். பாப்பா கூட விலகிட்டா. அப்பா போடுறதெல்லாம் குழாய்ப் படமா இருக்குங்கிறா."

"கிண்டல் பண்ணாத. இது ஒண்ணுதான் வழி."

அவள் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "சரி. எங்க வார்டுல எல்லாரையும் லைக் போடச் சொல்றேன். மயக்கம் தெளிஞ்ச நோயாளிங்ககிட்டயும் சொல்லிப் பார்க்கிறேன். நீங்க நல்லா சாப்பிட்டுட்டுப் போங்க."

மாநாட்டு அரங்கின் வாசலில் புகார் சாரின் கழுத்தில் 'பேராளர்' என்று ஒரு அட்டையை மாட்டினார்கள். கையில் ஒரு எவர்சில்வர் பாட்டில் கொடுத்தார்கள். திறந்து பார்த்தால் காலி. இது பிளாஸ்டிக் இல்லாத மாநாடு, தண்ணீரைக் குழாயில் பிடித்துக்கொள்ளலாம் என்றார்கள்.

உள்ளே போனவர் அசந்துபோனார். எத்தனை ஆயிரம் நாற்காலி! அத்தனையிலும் அரசு ஊழியர்கள். அத்தனை பேரும் குனிந்து கைபேசியில், தாங்கள் கூர்ந்து கவனித்துக்கொண்டிருப்பதாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள். மேடையில் பேசிய நிபுணரும் இடது கையில் மைக்கும் வலது கையில் கைபேசியுமாக, பேசுகிற தன்னைத் தானே படம் பிடித்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு பக்கத்தை இரண்டு முறை படித்துவிட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. பக்கவாட்டில் பெரிய திரையில் துறை வாரியாக எண்கள் ஓடின. எண் ஏறும்போதெல்லாம் கூட்டம் கைதட்டியது.

புகார் சார் அரங்கைப் படமெடுத்து, 'அருமையான ஏற்பாடு' என்று எழுதிப் போட்டார். உடனே ஒரு லைக் விழுந்தது. கூடவே ஒரு கருத்தும்: "சாப்பிட்டீங்களா? பாப்பா கேக்குறா, அப்பா எப்ப வருவாரு?" ஊர் பார்க்கிற இடத்தில் இவள் இப்படிக் கேட்கிறாளே என்று அவருக்குக் கூச்சமாகப் போய்விட்டது. எழுந்து கண்காட்சிப் பக்கம் நடந்தார்.

குடிநீர்த் துறையின் அரங்கு இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வலது பக்கம் 'இன்று'. அங்கே ஒரு மேஜையில் ஒரு டேப்லெட். அதில் 'திற' என்று பச்சைப் பொத்தான். அழுத்தினால் திரையில் அருவி கொட்டும், சத்தமும் வரும். இடது பக்கம் 'நேற்று'. அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், ஆள் உயர இரும்புக் கம்பியின் முனையில் குறுக்குக் கைப்பிடி வைத்த வால்வு சாவி. 'பண்டைக் காலத்தில் நீர் திறக்கப் பயன்பட்ட கருவி' என்று கீழே எழுதியிருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில், கழுத்தில் அட்டையோடு விறைப்பாக நின்றுகொண்டிருந்தார் நகரத்தின் தலைமைத் தொட்டி வால்வைத் தினமும் திறந்து மூடுகிற வால்வுக்காரர்.

"அண்ணே! நீங்க எங்க இங்க?"

"என்னையும் வச்சிருக்காங்க சார்," என்றார் வால்வுக்காரர் பெருமையாக. "நான் 'நேத்து'. வெளியூர் அரங்குலயும் இப்படி ஒவ்வொரு ஆளு நிக்கிறாங்க. வர்றவங்க எல்லாம் என்னோட செல்ஃபி எடுத்துக்கிறாங்க. இப்பத்தான் ஒரு அம்மா தோள்ல கை போட்டு எடுத்துச்சு. வீட்ல பார்த்தா தொலைஞ்சேன்."

புகார் சார் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். பெயின்ட் புதுசாக அடித்திருந்தாலும் கைப்பிடியில் சுற்றிய கந்தல் துணி அதேதான்.

"அண்ணே, இது நெஜ சாவியா?"

"பின்னே? நேத்து சாயங்காலமே வாங்கிட்டு வந்துட்டாங்க."

"அப்ப இன்னிக்குக் காலையில தண்ணி யாரு திறந்தது?"

வால்வுக்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். "யாரு திறப்பா? நான்தான் இங்க நிக்கிறேனே."

"மாத்துச் சாவி ஒண்ணு இருந்துச்சே?"

"அது போன மாசம் வேறொரு கண்காட்சிக்குப் போச்சு சார். இன்னும் திரும்பல."

கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்கள். இங்கே கல், நாய் இரண்டையும் சேர்த்துக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டார்கள். புகார் சாருக்கு நாக்கு உலர்ந்தது. பாட்டிலைத் திறந்தார்; அது காலி என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அந்த நேரத்தில்தான் அவர் கைபேசி துடிக்க ஆரம்பித்தது. ஊரில் தண்ணீர் வராத ஜனங்கள் குடிநீர்த் துறையைத் தேடியிருக்கிறார்கள். துறை காலையிலிருந்து எங்கே பார்த்தாலும் #நாளையேஇன்று என்று பதிவு போட்டுக்கொண்டிருந்ததால், அதே அடையாளத்தோடு ஆளாளுக்குத் திட்டிப் போட ஆரம்பித்துவிட்டார்கள். "தலையில ஷாம்பு போட்டுட்டு நிக்கிறேன், அலசத் தண்ணி இல்ல #நாளையேஇன்று." "பாதி மழிச்ச வாடிக்கையாளரை எழுந்து போக விடாமப் பிடிச்சு வச்சிருக்கேன், சீக்கிரம் திறங்க #நாளையேஇன்று" என்றார் ஒரு முடிதிருத்துபவர். அந்த வாடிக்கையாளரின் படமும் இருந்தது; பாவம், ஒரு கன்னம் மட்டும் நுரை.

புகார் சார் மேடைப் பக்கம் ஓடினார். இயக்குநர் திரையைப் பார்த்துக் கண் கலங்கி நின்றுகொண்டிருந்தார். குடிநீர்த் துறை இரண்டாம் இடத்துக்கு ஏறியிருந்தது.

"மேடம், ஊர்ல எங்கயும் தண்ணி வரல. சாவி கண்ணாடிப் பெட்டிக்குள்ள மாட்டிக்கிச்சு. பெட்டியைத் திறக்கச் சொன்னீங்கன்னா..."

"எண்ணைப் பாருங்க புகார் சார்! எப்படி ஏறுது!"

"அது அத்தனையும் திட்டு மேடம்."

"திட்டுனா என்ன? பேசுறாங்கல்ல!" இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். "இப்பத் திறந்து விட்டா என்ன ஆகும், யோசிங்க. எல்லாரும் குளிக்கப் போயிருவாங்க. அப்புறம் யாரு போஸ்ட் போடுவா? மின்சாரத் துறை முதல் இடத்துல இருக்கு. அவங்க ஏரியாவுல காலையிலேருந்து கரண்ட் இல்லையாம். அவ்வளவு தியாகம் பண்றாங்க அவங்க. நாம அரை நாள் தாங்க மாட்டோமா? விழா முடியட்டும், திறந்துக்கலாம். நீங்க போய் உக்காந்து பதில் போடுங்க."

புகார் சார் போய் உட்கார்ந்தார். வேறு என்ன செய்வார்? தெரிந்த வேலை அது ஒன்றுதான். வருகிற ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு தட்டு, ஒரு பதில். ஷாம்புக்கு ஒரு பதில், அரைக்கன்னத்துக்கு ஒரு பதில். போகப் போகக் கண் படிப்பதை நிறுத்திவிட்டது. கட்டைவிரல் தன் பாட்டுக்கு ஓடியது. இத்தனை வருடப் பழக்கம், லேசில் விடுமா?

அந்த வரிசையில்தான் அமைச்சரின் பதிவும் வந்தது. மாநாட்டுக்குக் காரில் வந்துகொண்டிருந்த அமைச்சர் எழுதியிருந்தார்: "தொழில்நுட்பத்தின் பொற்காலம் பிறந்துவிட்டது. மக்கள் மகிழ்ச்சி வெள்ளத்தில் மிதக்கிறார்கள். #நாளையேஇன்று." கட்டைவிரல் நிற்கவில்லை. பொற்காலத்துக்குக் கீழே புகார் சாரின் பதில் போய் உட்கார்ந்தது: "தங்கள் புகார் பெறப்பட்டது. அதன் உண்மைத்தன்மை ஆராயப்பட்டு, விரைவில் சரிசெய்யப்படும்."

அடுத்ததாக மனைவியின் கேள்விக்கும் அதே பதில் போனது. அவள் சும்மா இருப்பாளா? "நாலு வருஷமா பெறப்பட்டுக்கிட்டேதான் இருக்கு" என்று போட்டாள்.

முதலில் யாரோ ஒருவர் அமைச்சருக்குப் போன பதிலைப் பார்த்துச் சிரித்தார். அவர் பத்துப் பேருக்குக் காட்டினார். தண்ணீர் இல்லாமல் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த ஊருக்கு அன்று வேறு வேலையும் இல்லை. லைக்குகள் மழைக்கால ஈசல் மாதிரிக் கிளம்பின. அரங்கில் குனிந்திருந்த தலைகள் ஒவ்வொன்றாகக் குலுங்கின. மேடையில் பேசிக்கொண்டிருந்தவர் தன் நகைச்சுவைக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து அதை மறுபடியும் சொன்னார். புகார் சாருக்கு மட்டும் எதுவும் தெரியாது. அவர் பதில் போட்டுக்கொண்டிருந்தார்.

அமைச்சர் வந்து சேர்ந்தார். வெயிலில் வந்த களைப்பு. நேரலைக்கு முன் முகம் கழுவிக்கொள்ள ஒப்பனை அறைக்குள் போனார். சோப்பை நன்றாகக் குழைத்து முகமெங்கும் பூசி, கண்ணை மூடிக்கொண்டு குழாயைத் திருகினார். குழாய் ஒரு பெருமூச்சு விட்டது, அவ்வளவுதான்.

"தண்ணி!" என்ற சத்தம் அரங்கம் வரை கேட்டது.

ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். எங்கே ஓடியும் காலி எவர்சில்வர் பாட்டில்தான் கிடைத்தது. இயக்குநர் மட்டும் பதறவில்லை. டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு ஒப்பனை அறைக்குள் நுழைந்தார்.

"ஐயா, கவலையே படாதீங்க. நம்ம செயலி இருக்கு." பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

அருவி கொட்டும் சத்தம் கேட்டது. கண்ணை மூடியிருந்த அமைச்சர் நிம்மதியாக இரண்டு கைகளையும் குவித்து நீட்டினார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். கையை இடப்பக்கம் நகர்த்திப் பார்த்தார், வலப்பக்கம் நகர்த்திப் பார்த்தார்.

"எங்கம்மா விழுது?"

"திரையில ஐயா. தெளிவு ரொம்ப நல்லா இருக்கும்."

அதன் பிறகு அமைச்சர் சொன்னதையெல்லாம் எழுத முடியாது. எழுதக்கூடிய ஒன்று: "நெஜத் தண்ணி திறக்கிறவன் எங்க?"

எல்லோரும் 'நேற்று' பக்கம் ஓடினார்கள். வால்வுக்காரர் தயாராக இருந்தார். ஆனால் பெட்டியின் பூட்டுச் சாவி, அரங்கு அமைத்த ஒப்பந்தக்காரரிடம் இருந்தது. அவர் சாப்பிடப் போயிருந்தார். உடைக்கலாம் என்றார் ஒருவர். அரசுச் சொத்து, குழு போட்டுத்தான் உடைக்க வேண்டும் என்றார் இன்னொருவர். குழுவில் யார் யார் என்று பேச்சு ஆரம்பித்தது. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற புகார் சாருக்கு அரைக்கன்ன நுரையோடு உட்கார்ந்திருந்த அந்த மனிதரின் முகம் நினைவுக்கு வந்தது. எதற்கும் ஆகாமல் காலையிலிருந்து கையில் இருந்த எவர்சில்வர் பாட்டிலை ஓங்கினார். பெட்டி படீரென்று உடைந்தது.

"ஓடுங்க அண்ணே!"

வால்வுக்காரர் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அமைச்சரின் காரிலேயே ஏறினார். அவர் வாழ்க்கையில் சைரன் வைத்த காரில் போனது அன்றுதான். சாவி உள்ளே அடங்காததால் பாதி ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு போனது. கொஞ்ச நேரத்தில் ஒப்பனை அறைக் குழாய் இருமியது, துப்பியது, பிறகு கொட்டியது. ஊரில் ஒரு கன்னம் விடுதலை பெற்றது.

பரிசளிப்பு ஆரம்பித்தபோது அமைச்சரின் கண்கள் சிவந்திருந்தன. உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார் என்று நேரலையில் சொன்னார்கள். கடைசி நேரத் திட்டுகளின் தயவில் குடிநீர்த் துறை மின்சாரத் துறையை முந்திக் கேடயத்தைத் தட்டிச் சென்றது. "இது எங்கள் உழைப்புக்குக் கிடைத்த பரிசு," என்றார் இயக்குநர். அதில் பொய் ஒன்றும் இல்லை.

"அடுத்து, அதிக விருப்பங்களைப் பெற்ற ஊழியரின் பதிவு!" என்று அறிவிப்பாளர் திரையைப் பார்த்து உரக்கப் படிக்க ஆரம்பித்தார். "அமைச்சர் அவர்களின் பொற்காலம் பிறந்துவிட்டது என்ற பதிவுக்கு, குடிநீர்த் துறை ஊழியர் அளித்த பதில்: தங்கள் புகார் பெறப்பட்டது. அதன் உண்மைத்தன்மை ஆராயப்பட்டு..." அதற்கு மேல் படிக்க முடியாமல் மைக்கைத் தாழ்த்திவிட்டார். மீதியை அரங்கமே சேர்ந்து சொல்லி முடித்தது.

இயக்குநர் திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றார். புகார் சார் அப்போதுதான் திரையைப் பார்த்தார். பின்னாலிருந்தவர்கள் தள்ளிவிட்டதில் எப்படியோ மேடைக்கு வந்து சேர்ந்தார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது, அமைச்சர் சிரித்துத்தான் ஆக வேண்டும். பூங்கொத்தைக் கொடுத்துக்கொண்டே, "என்ன தம்பி வேணும் உங்களுக்கு?" என்றார் பற்களுக்கிடையில்.

"மாறுதல் ஐயா... என் சம்சாரம் இருக்கிற ஊருக்கு..."

"உங்க கோரிக்கை பெறப்பட்டது," என்றார் அமைச்சர். "ஆராயப்படும்." அடுத்த விநாடி மைக்கை வாங்கிக்கொண்டார்கள். சொந்த வாக்கியம் தன் மீதே வந்து விழுந்தால் எப்படி வலிக்கும் என்பது புகார் சாருக்கு அன்றுதான் தெரிந்தது.

மேடைக்குப் பின்னால் இயக்குநர் வெடித்தார்.

"மாறுதலா கேட்டீங்க? கொடுக்கிறேன்! தண்ணியில்லாத காடா பார்த்துக் கொடுக்கிறேன். எங்கய்யா தூக்கிப் போடலாம் இந்த ஆளை?"

அதிகாரிகள் யோசித்தார்கள். அப்போதுதான் வேலையை முடித்துவிட்டு, முழங்கால் வரை நனைந்த கால்சட்டையோடு திரும்பியிருந்தார் வால்வுக்காரர். புகார் சாரின் ஒற்றைத் தட்டும் ஒற்றைத் தலையணையும் அவருக்கு நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் பல தடவை அந்தத் தட்டில் சாப்பிட்டவர். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு முன்னே வந்தார்.

"மேடம், எங்க வேணா போடுங்க. அந்த எல்லையோரத்து ஊருக்கு மட்டும் போட்டுடாதீங்க. அந்தப் பேரைக் கேட்டாலே அவருக்குத் தூக்கம் வராது. பாவம், புள்ளகுட்டிக்காரர்."

"அப்படியா?" இயக்குநரின் முகம் மலர்ந்தது. "அங்கதான்! இன்னிக்கே ஆர்டர் போடுங்க!"

அந்த ஊர்ப் பெயர் புகார் சாரின் மனு ஒவ்வொன்றிலும் கொட்டை எழுத்தில் இருந்தது. அவற்றில் ஒன்றையாவது இயக்குநர் பிரித்துப் படித்திருந்தால் குட்டு உடைந்திருக்கும். படிக்கிற பழக்கம் அவருக்கு இல்லாதது எவ்வளவு நல்லதாகப் போயிற்று! நான்கு வருடமாக நகராத கோரிக்கை, தண்டனை என்று பெயர் மாறியதும் தேநீர் ஆறுவதற்குள் கையெழுத்தாகி, 'நிர்வாக நலன் கருதி' என்ற முத்திரையோடு கைபேசிக்கு வந்து சேர்ந்தது.

புகார் சார் உத்தரவை இரண்டு முறை படித்தார். மூன்றாம் முறை எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. சந்தோஷத்தில் மனிதர் வால்வுக்காரரைக் கட்டிப்பிடித்து, அவருடைய ஈரத்தில் பாதியைத் தன் சட்டைக்கு வாங்கிக்கொண்டார்.

"சார், சார், விடுங்க. இதையும் யாராவது செல்ஃபி எடுத்துடப் போறாங்க," என்றார் வால்வுக்காரர். அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

உத்தரவைப் படமெடுத்து மனைவிக்கு அனுப்பினார் புகார் சார். பழக்க தோஷம், கீழே #நாளையேஇன்று என்றும் சேர்த்துவிட்டார். நர்ஸ் அம்மாளின் பதில் உடனே வந்தது.

"தங்கள் புகார் சரிசெய்யப்பட்டது. பாப்பா குதிக்கிறா. ராத்திரி பஸ்ஸுக்கே கிளம்பி வாங்க. இன்னொரு விஷயம், இங்க ரெண்டு நாளா தண்ணி வரல. வால்வு திறக்கிறவரு சாவியோட உங்க மாநாட்டுக்குத்தான் வந்திருக்காராம். அவரு ஏதோ கண்ணாடிப் பெட்டி பக்கத்துல நிக்கிற செல்ஃபி இங்க சுத்துது. எந்தப் பெட்டின்னு பார்த்து, கையோட கூட்டிட்டு வாங்க."

புகார் சார் காலி பாட்டிலை இறுகப் பிடித்துக்கொண்டு கண்காட்சிப் பக்கம் ஓடினார்.